மலைப்பாதையும் பெட்ரோல் பம்பும்

திருப்பதியிலிருந்து திருமலைக்கு மோட்டார் வண்டிகள் ஏறத்தக்க பாதை 1944-ம் ஆண்டில் திறக்கப்பட்டது. அந்நாளில் சித்தூர் ஜில்லா சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. அதுவரை யாத்திரிகர்கள் அலிபிரியிலிருந்து படியேறியும், நடக்க இயலாதவர்கள் டோலியில் அமர்ந்தும் மலையை அடைந்தனர். 1974-ம் ஆண்டில் இரண்டாவது பாதை அமைந்த பின்னர், புதிய பாதை ஏறுவதற்கும் பழைய பாதை இறங்குவதற்கும் உரியவையாயின. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,800 அடி உயரத்திலுள்ள திருமலையை இக்காலத்து வண்டி ஒன்று ஒரு மணி நேரத்துக்குள் எளிதாக எட்டிவிடுகிறது. பழைய வண்டிகளுக்கு அது எளிதாக இருக்கவில்லை.

மலையேற்றம் என்றவுடன் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது ரேடியேட்டரில் கொதிக்கும் நீர். இறக்கம் என்றால் பிரேக்கு. பின்புறத் தொட்டியிலுள்ள பெட்ரோல் முன்புற எஞ்சினுக்கு எவ்வாறு வந்து சேர்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. பழைய மோட்டார் வண்டிகளைச் செப்பனிடுவோர்கூட, எஞ்சினைப் பிரித்துப் பூட்டுவதில் காட்டும் அக்கறையில் கால் பங்கையும் பம்பின்மீது காட்டுவதில்லை. ஆயினும் மலைப்பாதையின் நடுவில் வண்டி நின்றுவிடுவதற்குப் பெரும்பாலும் இச்சிறு கருவியே காரணமாக அமைகிறது. பள்ளி ஆசிரியர்களுக்கு இதில் பௌதிகப் பாடம் ஒன்றும், வண்டிகளோடு பழகும் கள ஊழியர்களுக்கு நடைமுறைச் செய்திகள் சிலவும் உள்ளமையால், இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

தொடக்க கால மோட்டார் வண்டிகளில் பம்பே கிடையாது. பெட்ரோல் தொட்டி உயரத்தில் இருந்தது. கார்புரேட்டர் தாழ்வில் இருந்தது. நீர் பள்ளத்தை நாடுவதுபோல் பெட்ரோலும் தானே இறங்கியது. போர்டு நிறுவனத்தின் புகழ்பெற்ற 'டீ' மாதிரி வண்டியில் தொட்டி முன் ஆசனத்துக்கு அடியில் இருந்தது. செங்குத்தான ஏற்றத்தில் வண்டியின் மூக்கு உயரும்போது, தொட்டியில் பெட்ரோல் குறைவாக இருந்தால், கார்புரேட்டர் தொட்டியைவிட மேலே போய்விடும், எஞ்சின் நின்றுவிடும். ஆகவே அவ்வண்டியை ஓட்டியவர்கள் மலையைக் கண்டால் வண்டியைத் திருப்பிப் பின்னோக்கியே ஏற்றினார்கள்! சிரிப்புக்கிடமான செய்தியாகத் தோன்றினாலும், புவியீர்ப்பைப் புரிந்துகொண்டு செய்த செயல் அது.

தொட்டி வண்டியின் பின்புறத்துக்குச் சென்றதும் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. 1920-களின் உயர்தர வண்டிகளில் 'ஆட்டோவாக்' என்னும் ஏற்பாடு வழக்கத்துக்கு வந்தது. எஞ்சின் தன் உறிஞ்சு குழாயில் உண்டாக்கும் குறைந்த அமுக்கத்தைக் கொண்டே, பின்புறத் தொட்டியிலிருந்து பெட்ரோலை இழுத்து, எஞ்சின் அருகே உயரத்தில் பொருத்திய ஒரு சிறு கலத்தில் சேர்த்து, அங்கிருந்து கார்புரேட்டருக்கு இறங்கச் செய்வது இதன் முறை. அசையும் உறுப்புகள் மிகக் குறைவு, ஓசையும் இல்லை. ஆனால் இதிலுள்ள குறை மலையில்தான் வெளிப்படும். ஓட்டுநர் ஆக்ஸிலேட்டரை முழுவதும் அழுத்தி வெகுநேரம் ஏறும்போது, உறிஞ்சு குழாயிலுள்ள அமுக்கம் வெளிக்காற்றின் அமுக்கத்துக்கு அருகில் வந்துவிடுகிறது. இழுக்கும் வலிமை மறைகிறது. எஞ்சினுக்கு மிகுதியான பெட்ரோல் வேண்டிய அதே வேளையில் கலம் நிரம்புவது நின்றுபோகிறது. அனுபவம் மிக்க ஓட்டுநர்கள் வளைவுக்கு வளைவு காலை ஒரு கணம் எடுத்துவிட்டு மீண்டும் அழுத்துவார்கள். அந்த ஒரு கணத்தில் கலம் சிறிது நிரம்பிக்கொள்ளும்.

இதன்பின் வந்தவை சவ்வுப் பம்புகள். எஞ்சினின் பக்கத்தில் பொருத்தி, அதன் காம் தண்டினால் இயக்கப்படுவது ஒரு வகை. மின்சாரத்தால் இயங்குவது மற்றொரு வகை. நம் நாட்டில் ஜீப்பும் அம்பாஸடரும் ஓட்டியவர்கள் முதல் வகையை நன்கு அறிவர். கோடையில் மலையேறி வண்டி நின்றுவிட்டால் அவர்கள் பானட்டைத் திறந்து, பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றி, ஒரு பீடி பற்றவைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். துணியைச் சுற்றியது சரியான சிகிச்சை. பீடியைப் பற்றி என்ன சொல்வது?

ஈரத்துணி ஏன் பயன் தருகிறது? பெட்ரோல் ஒரே பொருள் அன்று. பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. நீரைப்போல் ஒரு குறிப்பிட்ட உஷ்ணநிலையில் அது கொதிப்பதில்லை. அதன் இலேசான பகுதிகள் சுமார் 35 முதல் 40 டிகிரி செண்டிகிரேடிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். கனமான பகுதிகள் ஆவியாக 200 டிகிரிக்கு அருகில் செல்ல வேண்டும். சித்தூர்ப் பகுதியில் சித்திரை, வைகாசி மாதங்களில் நிழலிலேயே 40 டிகிரியைக் காண்கிறோம். பானட்டுக்குள்ளே உள்ள வெப்பத்தைக் கூற வேண்டுவதில்லை. இதனோடு மற்றொரு காரணமும் சேர்கிறது. அமுக்கம் குறைந்தால் எந்தத் திரவமும் குறைந்த உஷ்ணநிலையிலேயே கொதிக்கும். திருமலையில் காற்றின் அமுக்கம் கடல் மட்டத்தில் உள்ளதைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே நீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். எஞ்சின் அருகிலுள்ள பம்போ, நீண்ட குழாயின் வழியே பெட்ரோலை உறிஞ்சி இழுக்கிறது. ஆதலின் அக்குழாய்க்குள் அமுக்கம் மேலும் தாழ்கிறது. மூன்றும் ஒன்றுகூடும்போது குழாயிலேயே பெட்ரோல் குமிழிவிட்டு ஆவியாகிறது. சவ்வு ஆவியை நசுக்குகிறது, விரிக்கிறது, திரவம் நகருவதில்லை. இதற்கு 'ஆவி அடைப்பு' என்று பெயர். ஈரத்துணியிலுள்ள நீர் ஆவியாகும்போது பம்பின் வெப்பத்தைக் கவர்ந்துகொள்வதால் உள்ளிருக்கும் ஆவி மீண்டும் திரவமாகிறது.

ஆசிரியர்கள் வகுப்பில் இதனை எளிதில் காட்டலாம். ஊசி நீக்கிய ஊசிக்குழல் ஒன்றில் கை பொறுக்க முடியாத அளவு சூடான நீரைச் சிறிதளவு எடுத்து, காற்றை வெளியேற்றி, நுனியை ரப்பர் மூடியால் அடைத்துக்கொண்டு உந்துதண்டைப் பின்னுக்கு இழுத்தால், அடுப்பு ஏதுமின்றியே நீர் கொதிக்கக் காணலாம். தண்டை விட்டவுடன் கொதிப்பு அடங்கிவிடும். இச்சோதனையை நீரைக் கொண்டே செய்ய வேண்டும்; பெட்ரோலை வகுப்பறைக்குள் கொண்டுவருதல் கூடவே கூடாது.

இங்கே மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒன்று கூற விரும்புகிறேன். சித்தூர்ப் பட்டறைகளில் தமிழ் பேசுவோரும் தெலுங்கு பேசுவோரும் ஒருசேர 'ஏர் லாக்' என்றே சொல்லுகின்றனர். குழாயில் எங்கோ ஒரு பொருத்து தளர்ந்து வெளிக்காற்று உள்ளே புகுவதையும் இச்சொல்லே குறிக்கிறது. பெட்ரோல் தானே ஆவியாவதையும் இச்சொல்லே குறிக்கிறது. நோய்கள் இரண்டு, பெயர் ஒன்று. முதலாவதற்கு ஈரத்துணி சுற்றிப் பயனில்லை. இரண்டாவதற்குப் பொருத்தை முறுக்கிப் பயனில்லை. பெயர் மயக்கத்தால் மருந்து மாறிப்போவதை அடுத்துவரும் நிகழ்ச்சியில் காணலாம்.

2019-ம் ஆண்டின் கோடையில், சித்தூரில் உள்ள நண்பர் ஒருவரின் பழைய ஜாகுவார் வண்டியில் திருமலைக்குச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. எக்ஸ்.ஜே.6 என்னும் அம்மாதிரி 1968-ம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளியானது. அதன் சிறப்புகளுள் ஒன்று, பின்புறத்தின் இரு பக்கங்களிலும் பக்கத்துக்கு ஒன்றாகப் பெட்ரோல் தொட்டி உண்டு; ஒவ்வொரு தொட்டிக்கும் தனித்தனியே ஒரு மின்சாரப் பம்பு. ஓட்டுநரின் முன்னேயுள்ள ஸ்விட்சைத் தட்டினால் ஒரு தொட்டி ஓய்வு பெறும், மற்றது பணியை ஏற்கும். நண்பரின் வண்டியிலோ முந்தைய ஆண்டில் பம்புகள் பழுதுற்றபோது, ஒரு பட்டறையில் அவை இரண்டையும் நீக்கி, வேறொரு புதிய வண்டிக்கு உரிய ஒரே பம்பைப் பொருத்தியிருந்தனர். இரு தொட்டிகளின் குழாய்களையும் மும்முனைப் பொருத்து ஒன்றால் இணைத்து அப்பம்பில் சேர்த்திருந்தனர். ஸ்விட்சு இருந்தது, அதற்கு வேலை இருக்கவில்லை.

அலிபிரி கடந்து ஏற்றம் தொடங்கிச் சில மைல் சென்றதும் எஞ்சின் திணறியது, பின்னர் நின்றது. நண்பரின் ஓட்டுநர், "ஏர் லாக்குங்க ஐயா, கொஞ்சம் ஆறட்டும்" என்று கூறிக்கொண்டே பானட்டைத் திறந்தார். பெட்ரோல் நாற்றம் முகத்தில் அடித்தது. கார்புரேட்டர்களின் மேற்புறத்திலிருந்து பெட்ரோல் வழிந்து எஞ்சினின் பக்கத்தில் தேங்கியிருந்தது. பின் ஆசனத்தில் நண்பரின் தாயாரும் இரு குழந்தைகளும் இருந்தனர். அவர்களை இறக்கிப் பாதையோரச் சுவரின் அருகே நிறுத்திவிட்டு, பேட்டரியின் இணைப்பைக் கழற்றியபோது என் கை நடுங்கியதை மறைக்க வேண்டுவதில்லை. ஒரு பொறி போதுமானதாக இருந்திருக்கும்.

நடந்தது ஆவி அடைப்பு அன்று. அதற்கு நேர் மாறானது. இதனை விளங்கிக்கொள்ள, அவ்வண்டிக்கு உரிய எஸ்.யூ. பம்பின் அமைப்பை அறிதல் வேண்டும். எஸ்.யூ. என்பது 'ஸ்கின்னர்ஸ் யூனியன்' என்பதன் சுருக்கம். லண்டனில் காலணி வியாபாரம் செய்த குடும்பத்தைச் சேர்ந்த ஸ்கின்னர் சகோதரர்கள் தோற்றுவித்த நிறுவனம் இது. அவர்களுடைய முதல் கார்புரேட்டரில் தோலாலான துருத்தி ஒன்று இருந்தது என்றால், குலத்தொழில் எங்கெல்லாம் கைகொடுக்கிறது என்று வியக்கத் தோன்றுகிறது. 1926-ல் மோரிஸ் கார் உற்பத்தியாளர் இந்நிறுவனத்தை வாங்கினார். மின்சாரப் பம்பு அதன் பின்னர் வந்தது.

அப்பம்பின் ஒரு பாதியில் மின்காந்தம், மறுபாதியில் பெட்ரோல் அறை, இரண்டுக்கும் இடையே ஒரு சவ்வு. மின்சாரம் பாய்ந்ததும் காந்தம் சவ்வை இழுக்கிறது; அறை விரிந்து தொட்டியிலிருந்து பெட்ரோல் உள்ளே வருகிறது. இழுப்பின் இறுதியில் ஒரு சிறு விசைக்கொக்கி துள்ளி மின்சாரத்தைத் துண்டிக்கிறது. உடனே சுருள்வில் சவ்வைத் திரும்பத் தள்ள, பெட்ரோல் கார்புரேட்டரை நோக்கிச் செல்கிறது. தள்ளுதல் முடிந்ததும் கொக்கி மீண்டும் துள்ளி மின்சாரத்தைச் சேர்க்கிறது. நாம் கேட்கும் 'டிக், டிக்' ஓசை இத்துள்ளலே. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: பெட்ரோலைத் தள்ளுவது மின்சாரம் அன்று, சுருள்வில். ஆகவே எத்துணை அமுக்கத்துடன் பெட்ரோல் செல்லும் என்பதை வில்லின் வலிமையே வரையறுக்கிறது. கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணம் நிரம்பி ஊசி வால்வு மூடியவுடன் வில்லால் மேலும் தள்ள இயலாது. பம்பு தானே நின்று காத்திருக்கும். பெட்ரோல் குறைந்ததும் மீண்டும் ஒரு 'டிக்'.

இவ்வகைப் பம்பின் அமுக்கம் சதுர அங்குலத்துக்குச் சில ராத்தல்களே. மாதிரிக்கு ஏற்ப ஏறத்தாழ ஒன்றரை முதல் நான்கு வரை இருக்கும். பெட்ரோலைப் பீச்சித் தெளிக்கும் முறையிலமைந்த எஞ்சின்களுக்கு இது போதாது. அவற்றின் பம்புகள் சதுர அங்குலத்துக்கு 30 ராத்தலுக்கும் மேலாகத் தருகின்றன. சிலவற்றில் 70 ராத்தலையும் எட்டும். நண்பரின் வண்டியில் பொருத்தப்பட்டது இவ்வகையைச் சேர்ந்தது. மூன்று ராத்தல் அமுக்கத்தைத் தாங்குமாறு அமைந்த ஊசி வால்வின்மீது அதைப்போல் பத்து, பன்னிரண்டு மடங்கு விசை தாக்கினால் மிதவை என்ன செய்யும்? வால்வு மூட முடியாமல் திறந்தே கிடக்கும். கிண்ணம் பொங்கி வழியும். மேலும், இத்தகைய பம்பு கார்புரேட்டர் நிரம்பிற்றா என்று கேட்பதில்லை. அது ஓயாமல் சுழல்வது. மிஞ்சிய பெட்ரோல் தொட்டிக்குத் திரும்பிச் செல்லத் தனிக்குழாய் இருந்தால்தான் அதன் வேலை ஒழுங்குபெறும். அக்குழாய் இங்கே வைக்கப்படவில்லை.

மும்முனைப் பொருத்தும் தன் பங்குக்குத் தீங்கு செய்துகொண்டிருந்தது. பாதை ஒரு பக்கம் சாய்ந்த இடங்களில் உயர்ந்த தொட்டியிலிருந்து தாழ்ந்த தொட்டிக்குப் பெட்ரோல் இறங்கிவிடும். ஒரு தொட்டி வறண்டதும், மற்றதில் பெட்ரோல் நிறைந்திருப்பினும், பம்பு வறண்ட பக்கத்திலிருந்து காற்றையே உறிஞ்சும். கனமான திரவத்தை இழுப்பதைவிடக் காற்றை இழுப்பது எளிதல்லவா? முந்தைய மாதங்களில் வண்டி அவ்வப்போது நின்றதற்கு இதுவே காரணம். 'ஏர் லாக்' என்று சொல்லிப் பம்பின் வலிமையை மேலும் கூட்ட வேண்டுமென அப்பட்டறையார் கருதியிருந்தனராம்!

வண்டியை இழுத்துவந்து சேர்த்த இடம் சித்தூரில் வேறொரு சிறு பட்டறை. அதன் முதியவர் அரை நாள் வண்டியின் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "சார், இதுல புதுசா ஒண்ணும் சேர்க்க வேண்டாம். சேர்த்ததையெல்லாம் எடுத்தாலே பாதி சரியாயிடும்" என்றார். அவர் பணி செய்த முறை பதிவு செய்யத்தக்கது.

முதலில் பேட்டரியை அகற்றினார். பிறகு தொட்டிகளைத் திறந்த வெளியில், நிழலில் வைத்து வடித்தார். பட்டறையின் குழிக்கு மேலே வண்டியை நிறுத்த மறுத்துவிட்டார். அதற்கு அவர் கூறிய காரணம் 'ராசி இல்லை' என்பது. விஞ்ஞானம் கூறும் காரணம் வேறு: பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. அது புகைபோல் மேலே போவதில்லை. நீரைப்போல் தரையில் பரவிக் குழியில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரை பங்கு முதல் ஏழரை பங்கு வரை அவ்வாவி கலந்திருந்தால் ஒரு பொறியில் வெடிக்கும். இதனாலேயே பெட்ரோல் நிறைந்த தொட்டியைவிடக் காலியான தொட்டி பேராபத்தானது. காலித் தொட்டியில் பற்றவைப்பு வேலை செய்து உயிரிழந்தோர் உண்டு. ஆவி முற்றிலும் நீங்கும்வரை கழுவாமல் தீயை அருகே கொண்டுசெல்லலாகாது என்பதைக் கள ஊழியர்கள் எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் மிகையாகாது.

தொட்டிகளின் அடியில் துருவும் நீரும் சேர்ந்திருந்தன. அவற்றை நீக்கி, வடிகட்டிகளை மாற்றி, ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் தனிக்குழாயைத் தன் தன் பம்புக்குக் கொண்டுவந்தார். பழைய மாதிரியிலேயே எஸ்.யூ. பம்புகள் இன்றும் இங்கிலாந்தில் ஸாலிஸ்பரி நகரிலுள்ள பர்லன் நிறுவனத்தாரால் செய்யப்படுகின்றன. வந்து சேர இரண்டு மாதமாயிற்று. இரு பம்புகளின் வெளிக்குழாய்களும் ஒன்றுகூடியே எஞ்சினுக்குச் செல்கின்றன. ஆயினும் ஒரு தொட்டியின் பெட்ரோல் மற்றதற்குள் புகுவதில்லை. ஒவ்வொரு பம்பின் வெளிவால்வும் ஒருவழிக் கதவாக நின்று தடுக்கிறது. கூட்டு இடம் பம்புக்கு முன்னே இருந்தால் தீமை, பின்னே இருந்தால் நன்மை. குழாய் அதே குழாய்தான். மின்கம்பிகளையும் சாவியின் வழியே ஸ்விட்சுக்கும், ஸ்விட்சிலிருந்து பம்புகளுக்குமாக முன்போல் திருப்பினார். நண்பர் விரும்பியபடி, மோதல் நேர்ந்தால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் ஒரு ஸ்விட்சும் சேர்க்கப்பட்டது. இது ஆதியில் இல்லாதது. ஆனால் குழாய் அறுந்துபோனால் எஸ்.யூ. பம்பும் ஓயாது இறைத்துக்கொண்டே இருக்கும் என்பதால், இவ்வொரு சேர்க்கையை நான் குறைகூற மாட்டேன்.

வேறு பழைய ஆங்கில வண்டிகளைச் செப்பனிடுவோர் இன்னொன்றையும் நோக்க வேண்டும். அவற்றுள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். கொக்கி வகைப் பழைய பம்புக்கு இவ்வேறுபாடு பொருட்டன்று. எலெக்ட்ரானிக் உறுப்புகள் கொண்ட புதிய பம்பை மாற்றி இணைத்தால் அப்போதே கெட்டுவிடும்.

பெட்ரோலும் முன்போல் இல்லை. 2022-ம் ஆண்டில் நம் நாட்டுப் பெட்ரோலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு எத்தனால் சேர்க்கும் குறிக்கோள் எட்டப்பட்டது. இருபது பங்கு கலந்த பெட்ரோலின் விற்பனை 2023 பிப்ரவரியில் தொடங்கி, 2025-க்குள் நாடெங்கும் பரவியது. எத்தனால் நீரை ஈர்க்கும் இயல்புடையது. பழைய ரப்பர்க் குழாய்களையும் சவ்வுகளையும் நாளடைவில் ஊறவைத்தோ இறுகவைத்தோ கெடுக்கும். தொட்டியில் படிந்துள்ள பழைய அழுக்கையும் கிளப்பிவிடும். பெட்ரோலோடு சேரும்போது ஆவியாகும் தன்மையையும் சற்று உயர்த்துகிறது. எனவே பழைய பாணிப் பம்பைத் திரும்பப் பொருத்தினாலும், சவ்வும் குழாயும் எத்தனாலைத் தாங்கும் பொருளாலானவையா என்று கேட்டு வாங்குதல் வேண்டும். உருவம் பழையதாக இருக்கட்டும். ரப்பர் புதியதாக இருக்கட்டும்.

சட்டமும் இவ்விஷயத்தில் சிறிது நுழைகிறது. 2021-ம் ஆண்டு ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, முதற் பதிவு பெற்று ஐம்பது ஆண்டு கடந்து, அடிச்சட்டம், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரும் மாற்றமின்றி ஆதி வடிவில் உள்ள வண்டிகள் பழம்பெரும் வண்டிகளாக 'வி.ஏ.' என்னும் எழுத்துகளுடன் பதிவு பெறலாம். அவ்வாறு பதிவானவை கண்காட்சி, ஆராய்ச்சி, பழைய வண்டிகளின் அணிவகுப்பு, பராமரிப்பு போன்றவற்றுக்கன்றி அன்றாடம் ஓடலாகாது. ஆகவே அவ்வெழுத்துகளைப் பெற்ற வண்டியில் சுவாமி தரிசனத்துக்குப் புறப்பட எண்ணுவோர் முதலில் விதியைப் படித்துவிடுவது நலம்.

சவ்வுப் பம்புள்ள வண்டியைப் பரிசோதிக்கும் ஊழியர்கள் காதையே கருவியாகக் கொள்ளலாம். சாவியைத் திருப்பியவுடன் பம்பு விரைவாக ஒலித்து, மெல்ல மெல்லத் தளர்ந்து, நின்றுவிட வேண்டும். எஞ்சின் ஓடாதபோதும் ஓசை நிற்காமல் விட்டுவிட்டுக் கேட்டால், ஊசி வால்வு சரியாக மூடவில்லை, அல்லது பெட்ரோல் எங்கோ கசிகிறது. ஓசை மிக விரைவாக இருந்தும் பெட்ரோல் வரவில்லையென்றால், உறிஞ்சும் பக்கத்தில் காற்று புகுகிறது, அல்லது தொட்டி வறண்டிருக்கிறது. ஓசையே இல்லையாயின் மின்முனைகள் கரிந்திருக்கலாம். ஓசை வரவரத் தளர்ந்து வண்டி இழுக்க மறுத்தால், தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே புகுந்து, பம்பும் விறுவிறுப்படைந்தால், தொட்டியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது, பம்பின்மேல் குற்றமில்லை.

அவ்வாண்டு மார்கழியில் அதே வண்டியில் மீண்டும் மலையேறினோம். அலிபிரியில் சற்று நிறுத்தி, நண்பர் சாவியைத் திருப்பிவிட்டுப் பேசாமல் அமர்ந்திருந்தார். ஏழெட்டு 'டிக்' ஒலித்து அடங்கியது. அதன்பிறகே எஞ்சினைக் கிளப்பினார். நடுவழியில் இடத் தொட்டியிலிருந்து வலத் தொட்டிக்கு ஸ்விட்சைத் தட்டியபோது பின்னாலிருந்து இன்னொரு பம்பு ஒலிக்கக் கேட்டு, பின் ஆசனத்துக் குழந்தைகளில் ஒன்று, "பாட்டி, அந்தப் பக்கத்துப் பல்லியும் பேசுது!" என்றது.